பாம்பன் வரைக்கும் கூஜாத் தண்ணீர்

ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போவதென்றால் முதல் நாள் சாயங்காலமே எங்கள் வீட்டில் புளி ஊறிவிடும். நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை அம்மா புளிக்காய்ச்சலை விடமாட்டாள். அப்பத்தா கொல்லையில் வாழையிலை அறுத்து வந்து அடுப்பு அனலில் இரண்டு பக்கமும் காட்டி வாட்டுவாள். வாட்டாத இலை மடிக்கும்போது கிழிந்துவிடும், சோறு பைக்குள் கொட்டிவிடும். தயிர்ச்சாதத்தில் தயிர் பெயருக்குத்தான். காய்ச்சிய பாலை ஊற்றிக் குழையப் பிசைந்து, ஒரு கரண்டி தயிரை விட்டு வைத்தால் மத்தியானம் பொட்டலம் பிரிக்கும்போது சரியாக உறைந்திருக்கும், புளித்திருக்காது. தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய். முறுக்கு ஒரு பழைய தகர டின்னில். தண்ணீருக்குப் பித்தளைக் கூஜா, எல்லோருக்கும் சேர்த்து ஒரே எவர்சில்வர் டம்ளர்.

தூக்கிப் போட எதுவும் இருக்காது. இலையை மானாமதுரைப் பக்கத்து ஆடுகள் தின்றன. நார்கூட வீணாகாது. பொட்டலம் கட்டிய வாழைநாரைப் பிரித்து அப்பத்தா மடியில் சொருகிக்கொள்வாள், திரும்பும்போது தேவைப்படும் என்று. இதையெல்லாம் யாரும் கொள்கையாகச் செய்யவில்லை. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அப்பத்தா சிரித்திருப்பாள்.

1980களின் தொடக்கம் அது. ராமேசுவரம் தீவுக்குச் சாலை கிடையாது. பாம்பன் சாலைப் பாலம் திறந்ததே 1988 அக்டோபர் 2ஆம் தேதிதான். அதற்கு முன்னால் கார் வைத்திருந்தவர்களும் மண்டபத்தில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறித்தான் ஆகவேண்டும். டாக்டர் குடும்பம், நெசவாளர் குடும்பம், காசிக்குப் போய்விட்டு வந்த வடநாட்டுக் கிழவிகள் எல்லோரும் ஒரே மீட்டர் கேஜ் பெட்டியில், ஒரே மரப்பலகையில் நெருக்கி உட்கார்ந்து போனோம். குழந்தைகளோடு வெளியூர் போகும்போது கார் இல்லாவிட்டால் முடியாது என்று இன்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும். அதில் பாதிப் பேர் குழந்தைகள். பலகைக்கும் பலகைக்கும் குறுக்கே சேலையைக் கட்டித் தூளி போட்டிருப்பார்கள்.

எனக்கும் அக்காவுக்கும் அரை டிக்கெட். பன்னிரண்டு வயது ஆகிவிட்டால் முழு டிக்கெட் என்பதால் அக்கா வெகுகாலம் பதினொன்றிலேயே இருந்தாள். "டிடிஆர் வந்தா நீ வாயத் தொறக்காத, நாங்க பேசிக்கிறோம்" என்பாள் அம்மா. அக்காவுக்கு அது பெரிய அவமானம். அப்பா ஒரு வருஷம் மனசாட்சி உறுத்தி முழு டிக்கெட்டாகவே எடுத்துவிட்டார். அன்றைக்கு அவள் உட்கார்ந்த தோரணையே வேறு.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, ஆனால் ரயிலில் ஏறினால் ஆகிவிடுவார். சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி, ராஜகம்பீரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அவரிடம் ஒரு சேதி இருக்கும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் போனது, பரமக்குடியில் தறிச்சத்தம் கேட்கும், ராமநாதபுரத்தில் இறங்கினால் முண்டு மிளகாய். பாதி தூரம் வைகையை ஒட்டியே போவோம். ஆற்றில் தண்ணீர் இருந்ததாக ஞாபகம் இல்லை, மணல்தான். பரமக்குடி தாண்டினால் சீமைக்கருவேலமும் பனையுமாகக் காடு வறண்டு கிடக்கும். உச்சிப்புளி வந்ததும் தென்னந்தோப்புகள் தொடங்கும், காற்றில் உப்பு வாசனை வந்துவிடும். மதுரையிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். அந்த வண்டி அதை அரைப்பகலாக இழுத்தது. அந்த அரைப்பகலில்தான், மண் சிவப்பிலிருந்து வெளுத்து மணலாக மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன். புவியியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது எனக்குப் புதிதாக எதுவும் இல்லை.

மானாமதுரையில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும், வண்டி வெகுநேரம் நிற்கும். கடத்துக்குப் பேர் பெற்ற ஊர் அது. பிளாட்பாரத்தில் பானையும் சட்டியும் அடுக்கி வைத்திருப்பார்கள். அப்பா கூஜாவோடு குழாயடிக்கு ஓடுவார். வண்டி நகர்ந்துவிடுமோ என்று நானும் அக்காவும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கத்துவோம். அவர் ஒரு தடவைகூட ஓடி ஏறியதில்லை, நிதானமாக நடந்துதான் வருவார். வெள்ளரிப்பிஞ்சு, அவித்த கடலை, சுக்குக் காபி எல்லாம் அங்கேதான் ஏறும். கடலைக்குப் பனையோலையில் முடைந்த சின்னக் கொட்டான். தின்று முடித்ததும் அக்கா அதைக் கவிழ்த்துத் தன் பொம்மைக்குத் தொப்பி ஆக்கிவிடுவாள்.

ஆனால் அந்தப் பயணத்தைப் பச்சைப் பசேல் என்று வர்ணித்தால் அது பொய். கரி எஞ்சின் கக்கிய புகை கொஞ்சநஞ்சமல்ல. ஜன்னலோரம் உட்கார்ந்தவன் கண்ணில் கரித்தூள் விழாமல் பரமக்குடியைத் தாண்ட முடியாது. அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்து ஊதி, அந்தச் சூட்டை இமைமேல் ஒற்றி எடுப்பாள். வெள்ளைச் சட்டை போட்டுப் போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கக்கூஸ் ஓட்டை வழியாகத் தண்டவாளம் தெரியும், எல்லாம் நேரே அதன்மேல்தான் விழும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது போகாதே என்பதைத் தவிர அதைப் பற்றி யாரும் எதுவும் யோசித்ததில்லை. எந்தத் தண்டவாளத்தில் அப்படிப் போனோமோ, அதே மானாமதுரை–ராமேசுவரம் 114 கிலோமீட்டர் தடத்தைத்தான் 2016 ஜூலையில் நாட்டின் முதல் பசுமை ரயில் தடம் என்று அறிவித்தார்கள். அந்தத் தடத்தில் ஓடிய பெட்டிகளிலெல்லாம் உயிரிக் கழிப்பறை வைத்து, கழிவு தண்டவாளத்தில் விழுவதை நிறுத்தியிருந்தார்கள். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள்.

புகைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பெட்டியில் எண்பது பேர் என்று வைத்துக்கொண்டால், காருக்கு ஐந்து பேர் வீதம் அடைத்தாலும் பதினாறு கார் வேண்டும். எங்கள் பெட்டியில் எண்பதோடு யாரும் நிறுத்தியதில்லை.

மண்டபத்தில் ஆடிக் காற்று எங்களை நிறுத்தி வைக்கும். காற்று தணிந்தால்தான் வண்டியைப் பாலத்தில் விடுவார்கள். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது 1964 டிசம்பர் 22 ராத்திரி மட்டும்தான். புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியை அலை அப்படியே கொண்டுபோன கதையை, பெட்டியில் யாராவது ஒருவர் சரியாக மண்டபத்தில் ஆரம்பிப்பார். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதைப் பேசாதீர்கள் என்று யாரும் தடுக்கவில்லை. நாங்கள் பயந்தோம், மறுபடி சொல்லச் சொன்னோம்.

பிறகு வண்டி ஊர்ந்து ஏறும். 1914இல் திறந்த பாலம் அது, 145 கண், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது. ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம்கூடத் தெரியாமல் நேரே கடல்தான் தெரியும், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கருநீலம். பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு காசு எறிவார்கள். நடுவில் கப்பலுக்காக இரண்டாகத் திறக்கும் தூக்கு வரும்போது சத்தம் மாறும். அதைக் கையாலேயே சுற்றித் திறப்பார்கள் என்று அப்பா சொன்னபோது நம்பவில்லை. ஒரு வருஷம் கப்பல் போவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். ஆட்கள் நின்று இரும்பு நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்ற, பாலம் வானத்தைப் பார்த்து எழுந்தது. அன்று வண்டி தாமதமானதற்குச் சலித்துக்கொண்ட ஒரு குழந்தையும் பெட்டியில் இல்லை.

பாலத்தில் அப்பத்தா மட்டும் காசு எறியமாட்டாள். தெற்கே பார்த்துக்கொண்டிருப்பாள். தாத்தா கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். மானாமதுரையில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் இறங்குவார். எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே டிக்கெட்டாக வாங்கிக்கொள்ளலாமாம். "உங்க அய்யா இந்தப் பாலத்து மேலதான் போனாக, இது மேலதான் வந்தாக. போகயில ஒரு தகரப் பெட்டி, வரயில அதே தகரப் பெட்டி" என்பாள். அந்தப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. விமானம் ஏறாமலேயே ஒரு தலைமுறை வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறது, லீவுக்கு வந்து பிள்ளை முகம் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு கப்பல் ராமேசுவரத்திலிருந்து கொஞ்சகாலம் ஓடியது. இலங்கையில் போர் தொடங்கியபின் அதுவும் நின்றது. அந்த வழி மறுபடி திறக்கும் என்ற பேச்சை நான் பார்த்த எல்லா ஆட்சியிலும் கேட்டிருக்கிறேன்.

ராமேசுவரத்தில் இறங்கினால் குதிரை வண்டி. சத்திரத்தில் கோரைப்பாய். அக்கினி தீர்த்தத்தில் அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்து முடிப்பதற்குள் நாங்கள் கால்வாசிக் கடலை வாயால் குடித்திருப்போம். கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளியைக் கயிற்றில் விட்டு இழுத்துத் தலையில் ஊற்றுவார்கள், பெரியவர்களுக்குப் புண்ணியம், எங்களுக்கு விளையாட்டு. ஈரத்துணியோடு அந்த நீளப் பிராகாரத்தில் ஓடுவோம், அம்மா தூணுக்குத் தூண் எங்களைத் தேடுவாள்.

சன்னதித் தெருக் கடைகளில் சங்கும் சோழியும் மாலை மாலையாகத் தொங்கும். கூடவே வெள்ளை வெளேரென்று பவளப்பாறைத் துண்டுகளும் குவித்து வைத்திருப்பார்கள். அத்தை ஒன்று வாங்கி மஞ்சப்பையில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து ஷோகேசில் வைத்தாள். அது உயிரினம் என்று விற்றவருக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. சுண்ணாம்புக்காகவே அந்தக் கடலில் பவளப்பாறையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பவளங்களுக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வந்தது 2001இல். வாழையிலையில் சோறு கட்டி, கூஜாவில் தண்ணீர் எடுத்து, ரயிலில் போய்வந்த குடும்பம்தான் அந்தத் துண்டையும் கொண்டுவந்தது. பழைய காலத்தில் எல்லாம் இயற்கையோடு இசைந்திருந்தது என்று யாராவது உருகினால் நான் அந்த ஷோகேசைச் சொல்வேன்.

2007இல் அந்த ரயில் தடம் அகலப் பாதையானது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தை மூடினார்கள், வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்தது. இதில் தூக்கு இரண்டாகப் பிளக்காது, மின்சாரத்தில் மொத்தமாக மேலே எழும்பும். அந்த ஆடியில் என் பிள்ளைகளைப் பாசஞ்சரில் கூட்டிப் போனேன். காரில் போகலாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள், ஏசி இருக்கும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். மகளுக்கு முழு டிக்கெட், அவளுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. என் மனைவி புளியோதரை கட்டினாள், இலைக்குப் பதில் எவர்சில்வர் டப்பா. ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில். திருப்புவனம் வரைக்கும் மகன் போனை விடவில்லை. மானாமதுரையில் ஒரு சுண்டல்காரர் ஏறினார். மாங்காய் அரிந்து போட்ட சுண்டல், பேப்பர் பொட்டலம். அவர் இவனிடம், பாலம் எப்படித் தூக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பழைய பாலம் தெரியும், எப்போது டால்பின் வரும் என்று ராமநாதபுரம்வரை பேசிக்கொண்டே வந்தார். டால்பின் எதுவும் வரவில்லை. திரும்பும்போது என் தம்பி தன் காரில் இடம் இருக்கிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்றான். பிள்ளைகள் இருவரும் சாயங்கால பாசஞ்சரில்தான் வருவோம் என்று நின்றார்கள். காரணம் கேட்டதற்கு மகன் சொன்னான், சுண்டல் மாமா அந்த வண்டியில்தான் திரும்புவாராம்.