விரலுக்கும் செவிக்கும் இடையே

காலத்தை அளப்பதற்கு மனிதனுக்கு மிக அண்மையில் இருந்த கருவி அவனுடைய உடம்பே. தொல்காப்பியர் எழுத்தின் மாத்திரையை வரையறுத்தபோது கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையுமே அளவாகக் கொண்டார். எழுத்தொலிக்கு அவ்வளவு போதுமாயிற்று. ஆனால், மின்கிற்றாரையும் கணினியையும் ஒருங்கே மேடைக்குக் கொண்டுவரும் இசைஞனுக்கோ கைந்நொடி மிக நீண்ட பொழுதாகிவிடுகின்றது. அவனுடைய வெற்றியும் தோல்வியும் ஒரு செக்கனின் நூற்றிலொரு பங்கிலே தங்கியிருக்கின்றன.

மின்கிற்றார் தோன்றிய வகையை நோக்கின் இதன் காரணம் புலப்படும். 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சம் என்பார் உருக்குக் கம்பிகளை ஒட்டிக் காந்தத்தையும் செப்புக்கம்பிச் சுருளையும் அமைத்தார். அடுத்த ஆண்டில் அக்கருவி விற்பனைக்கு வந்தது. கம்பி அதிரக் காந்தப்புலம் அசைகின்றது. சுருளிலே மின்னோட்டம் எழுகின்றது. வால்வுகள் அதனைப் பெருக்க, ஒலிபெருக்கி முழங்குகின்றது. இவ்வழியில் எதுவும் எதற்காகவும் காத்திருப்பதில்லை. தாமதம் நேர்வது காற்றிலே மட்டுந்தான். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் செல்வதால், ஒலிபெருக்கியிலிருந்து 3 மீற்றர் அப்பால் நிற்பவன் தன் வாசிப்பை ஏறத்தாழ 9 மில்லிசெக்கன் பிந்தியே கேட்கின்றான். அவ்வளவு தாமதத்துக்கு இசைஞனின் செவி பழகிவிட்டது.

கணினியின் இயல்பு வேறு. அது ஒலியை ஒழுக்காக அன்றி எண்களாகவே அறியும். செக்கனொன்றுக்கு 48,000 தடவை ஒலியை அளந்து, அவ்வளவுகளைச் சிறு பொதிகளாகக் கட்டி, பொதி பொதியாகக் கணக்கிடுகின்றது. 128 அளவுகள் சேர 2.7 மில்லிசெக்கன் செல்லும். 512 அளவுகள் சேர 10.7 மில்லிசெக்கன் செல்லும். ஒலி உட்புகும்போது ஒரு முறையும் வெளிவரும்போது மறுமுறையும் இத்தாமதம் நேர்கின்றது. பொதியைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும். கணக்கிடுவதற்குக் கிடைக்கும் பொழுதும் உடன் குறையும். அடுத்த பொதி வருமுன் முந்தியது முடியாவிடின் ஒலி வெடித்துச் சிதறும். பிந்துவதா, உடைவதா என்னும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வரம்பிலேதான் இசைஞன் நடக்கவேண்டியவனாகின்றான். அறையிலிருந்து ஒலிப்பதிவு செய்பவன் பிழையை அழித்து மீண்டும் வாசிக்கலாம். மேடையில் மறுமுறை என்பது இல்லை.

அங்ஙனமாயின் அவன் கணினியை ஏன் நாடுகின்றான்? வெறும் புதுமை மோகம் என ஒதுக்குதல் நீதியாகாது. வால்வு அம்பிளிஃபயர் பாரமானது, விலையுயர்ந்தது, அதன் நிறைந்த நாதம் பெரும்பாலும் பெருஞ்சத்தத்திலேயே பிறக்கின்றது. அத்தகைய பலவற்றின் குணங்களைக் கணக்காக்கி ஒரு மடிக்கணினியுள் அடக்கும்போது, பொருள்வளம் குன்றிய இளைஞனும் அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலே செல்லலாம். காலால் மிதிக்கும் பலகையொன்று 1983இல் வகுக்கப்பட்ட மிடி மொழியினாற் கட்டளையிட, பாட்டின் நடுவிலேயே நாதம் மாறும். இது சிறிய பேறு அன்று.

ஆயினும் எல்லா வேலையும் கணினிக்கு ஒரே தன்மையன அல்ல. நாதத்தை மாற்றுதல் ஒன்று. ஒலிப்பது எந்தச் சுரம் என அறிதல் மற்றொன்று. 1984இல் றோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜீஆர்-700 கிற்றாரின் சுரத்தை மிடிக் கட்டளையாக்க முனைந்தது. பியானோ போன்ற கருவியில் எந்தக் கட்டை அழுந்திற்று என்பது உடனே தெரியும். கிற்றாரின் மிகத் தடித்த கம்பியோ செக்கனுக்கு ஏறக்குறைய 82 தடவை அதிர்வது. ஓர் அதிர்வு நிறைவுற 12 மில்லிசெக்கன் வேண்டும். ஓர் அதிர்வையேனும் முற்றாகக் கேளாமல் அதன் சுரத்தைத் துணிவது அரிது. இங்கே பிந்துதல் பொறியின் சோம்பல் அன்று. அறிதலுக்கே காலம் வேண்டியிருக்கின்றது.

தாமதம் எப்போதும் குற்றந்தானா என்னும் வினாவுக்கு ஆங்கிலக் கிற்றார்க் கலைஞர் றொபேட் ஃபிறிப்பின் முயற்சி விடை தருகின்றது. 1972இல் அவரும் பிறையன் ஈனோவும் இரண்டு றிவொக்ஸ் நாடாப்பதிவு இயந்திரங்களை இடைவெளி விட்டு வைத்து, ஒரே நாடாவை இரண்டினூடாகவும் ஓடவிட்டனர். முதலாவது பதிந்ததை இரண்டாவது சில செக்கன் பிந்தி ஒலித்து, முதலாவதற்கே திருப்பி அனுப்பிற்று. வாசித்தது திரும்பிவர, அதன்மேல் மீண்டும் வாசிக்க, ஒருவரே பலராயினார். 1979இல் அம்முறையோடு தனியாளாகப் பயணஞ்செய்து இசைத்தட்டுக் கடைகளிற்கூட அவர் வாசித்தார். 1990களில் நாடாவின் இடத்தை இலக்கமுறைக் கருவிகள் பெற்றன. வேண்டிப் பெற்ற தாமதம் இசைஞனுக்குத் துணையாகின்றது. வேண்டாது வந்த தாமதம், அது மிகச் சிறியதாயினும், அவனுடைய கையை அவனிடமிருந்தே பிரித்துவிடுகின்றது.

இவ்வேறுபாட்டை உணர்ந்தவன் கருவிகளை அதற்கேற்ப அமைக்கின்றான். கம்பியின் ஒலியை இரு கிளையாகப் பிரித்து, ஒன்றை நேரே அம்பிளிஃபயருக்கும் மற்றையதைக் கணினிக்கும் விடுகின்றான். எதிரொலி, அடுக்கொலி போன்ற, பிந்துவதற்கென்றே பிறந்தவை கணினியைச் சேர்கின்றன. விரலின் முதல் ஒலி மட்டும் எவரிடமும் அனுமதி கேளாது செவியை அடைகின்றது. நடுநிகழ்ச்சியிலே திரை உறைந்து நின்றாலும் பாட்டு நின்றுவிடாது. அம்பிளிஃபயர் வாங்க இயலாதவனுக்கு இத்தெரிவு இல்லை. அவன் பொதியைச் சிறிதாக்கி, கணினியின் ஏனைய வேலைகளை நிறுத்தி, நூறு நாதங்களை விடுத்துச் சிலவற்றோடு அமையவேண்டும். வால்வும் பழுதாகும், கம்பியும் அறும் என்பது உண்மையே. ஆனால் அவை பிந்தி ஒலித்து அவனை ஏமாற்றுவதில்லை.

கணினி எத்தனை நாதங்களைத் தரும் என்று கேட்பது கடையிலே கேட்கத்தக்க கேள்வி. விரல் அழைத்தபோது அது வந்து நிற்குமா என்பதே மேடையிற் கேட்கத்தக்கது. நொடியை அளந்த பழைய விரலே அங்கும் அளவுகோல்.