ஏர் பாக்கெட் - வானத்தில் பள்ளம் உண்டா?

விமானத்தில் போய் வந்தவர்களிடம் பேசினால் ஒரு வார்த்தை கட்டாயம் வரும்: ஏர் பாக்கெட். "அங்க காத்தே இல்ல, பொத்துன்னு விழுந்துடுச்சு" என்பார்கள்.

உண்மையில் காற்றே இல்லாத அப்படி ஒரு இடம் விமானம் பறக்கும் உயரத்தில் கிடையாது! காற்று சில இடங்களில் மேலே ஏறுகிறது, சில இடங்களில் கீழே இறங்குகிறது. இடிமேகத்துக்குப் பக்கத்திலும், மலைகளுக்கு மேலேயும் இது அதிகம். ஏறும் காற்றிலிருந்து இறங்கும் காற்றுக்குள் விமானம் சட்டென்று நுழைந்தால் தூக்கிப் போடும். 1910-களில் இதைக் 'காற்றில் ஓட்டை' என்றார்கள். விளக்கம் மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பழவேற்காட்டில் மீன் பிடிக்கும் என் சித்தப்பா விமானம் ஏறியதே இல்லை. அவரிடம் இதைச் சொன்னேன். "முகத்துவாரம் தாண்டி கடலுக்குப் போறப்ப அலை மேலேர்ந்து போட்டு தடால்னு எறங்கும். அங்க தண்ணி இல்லன்னா சொல்றோம்? தண்ணி எறங்குது, போட்டும் கூட எறங்குது, அவ்ளோதான்" என்றார். இதைவிட எளிதாக எனக்கு யாரும் விளக்கியதில்லை :-)

நான் படிப்பது பி.காம். எங்கள் பாடத்துக்குப் பக்கத்திலும் இந்த வார்த்தை உண்டு. கெட்ட செய்தி வந்து, வாங்க ஆளில்லாமல் ஒரு பங்கின் விலை மடமடவென்று சரிந்தால் அதற்கும் ஏர் பாக்கெட் என்றுதான் பெயர். வேடிக்கை என்னவென்றால், வார்த்தை சரியாகப் பொருந்துவது அங்கேதான். அந்த விலையில் நிஜமாகவே யாரும் இல்லை. நண்டு ஏலத்துக்கு வியாபாரி வராத நாளில் எங்கள் ஊரிலும் அதே கதைதான்.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் மேலே பயங்கரமாகக் குலுங்கியது. ஒருவர் இறந்தார், பலருக்குப் படுகாயம். 6,000 அடி விழுந்ததாகச் செய்தி பரவியது. ஆனால் அந்த 6,000 அடி, பிறகு விமானி கட்டுப்பாட்டோடு இறக்கியது. விசாரணையின் முதற்கட்ட அறிக்கைப்படி குலுக்கலில் இறங்கியது 178 அடிதான், 4.6 நொடிகளில்! விமானம் சட்டென்று கீழே போனதும் பெல்ட் போடாதவர்கள் இருக்கையிலிருந்து மேலே எழும்பி, அடுத்த நொடிகளில் கீழே விழுந்திருக்கிறார்கள்.

பள்ளம் என்று நினைத்தால் விமானம் விழுந்துவிடுமோ என்று பயப்படுவோம். விழுவது விமானமல்ல, உள்ளே இருக்கும் நாம்தான். மேகமே இல்லாத வானத்திலும் இப்படி நடக்கலாம், அதை ரேடார் காட்டாது. அதனால் விளக்கு அணைந்த பிறகும், உட்கார்ந்திருக்கும் வரை பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.