நியூட்டனின் ரப்பர் உருளைகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிறது நியூட்டன். சலவை இயந்திரங்களின் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஊர். 1893-ல் இங்கே உதித்த மேடேக் நிறுவனம் முதலில் தயாரித்தது, கதிரடிக்கும் இயந்திரத்துக்குக் கட்டுகளை ஊட்டும் கருவி. அதன் வாயருகே விவசாயி கை நீட்ட வேண்டியதில்லை. 1907-ல்தான் சலவைக்கு வந்தது.

உள்ளூர் அருங்காட்சியகத்தில் பழைய மேடேக்குகள் நிற்கின்றன. தொட்டிக்கு மேலே, கரும்புச் சாறு மெஷினை நினைவூட்டும் இரண்டு ரப்பர் உருளைகள். ஈரத்துணியை நுழைத்தால் பிழிந்து மறுபக்கம் தள்ளும். கைப்பிடியைச் சுற்றிய காலத்தில், விரல் மாட்டினால் நிறுத்திவிடலாம். மோட்டாருக்கு வலி தெரியாது. முழங்கை வரை இழுக்கும். அங்கே தடைபட்டாலும் உருளை சுழன்று சதையைத் தேய்க்கும். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். வெளியே லேசான சிராய்ப்பாகத் தெரியும் கை, சில மணி நேரத்தில் வீங்கும். மருத்துவ நூல்களில் இதற்கு ‘ரிங்கர் காயம்’ என்றே பெயர்.

அழுத்தினால் உருளைகள் சட்டென்று விலகும் விடுவிப்புப் பட்டை பிறகு வந்தது. ஆனால் பதறும் குழந்தைக்குப் பட்டையைத் தேடத் தோன்றுமா? சுழன்றே நீரை உதறும் தொட்டிதான் உருளைகளை ஒழித்தது. மூடியைத் திறந்தால் சுழற்சி நின்றுவிடும்.

ஆனாலும் மேடேக் 1983 வரை உருளை இயந்திரங்களைத் தயாரித்தது. 2006-ல் வேர்ல்பூல் அதை வாங்கியது; மறு ஆண்டே நியூட்டன் ஆலை மூடப்பட்டது.