நின்னியின் முகம்

நின்னியின் கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டியிருக்கும். அந்த மணிச்சத்தத்தை வைத்துத்தான் அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவளை வளர்த்த பெண்மணிக்கு அவள்மேல் பாசம் இல்லை. குத்தலான பேச்சு மட்டும்தான். அதைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டாள்.

ஃபின்லாந்து எழுத்தாளர் தூவே யான்சனின் மூமின் என்னும் கற்பனை உயிர்களின் கதைவரிசையில், 1962இல் வந்த சிறுகதைத் தொகுப்பில் இருக்கிறாள் இந்தச் சிறுமி. முதல் வாசிப்பிலேயே அவளை எனக்குத் தெரிந்திருந்தது. வாய் திறந்தால் யாராவது நையாண்டி செய்வார்களோ என்று, பதில் தெரிந்த கேள்விக்கும் பேசாமல் நின்று வளர்ந்தவள் நான். என்னை எழுதிய இந்த அம்மாள் யாரைப் பார்த்து எழுதினார்? அந்தக் கேள்வி பிடித்துக்கொள்ள, அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் கடிதங்களையும் தேடித் தேடிப் படித்தேன்.

மூமின் பள்ளத்தாக்கில் பலருக்கு ரத்தமும் சதையுமான மூலம் உண்டு. எதற்கும் பதறாத மூமின் அம்மா, யான்சனின் சொந்தத் தாய் சிக்னே. ஃபின்லாந்தின் அஞ்சல்தலைகளை ஏராளமாக வரைந்த ஓவியர் அவர். ஊர் ஊராகத் திரியும் ஸ்னஃப்கினிடம், யான்சன் காதலித்த அரசியல்வாதி ஆட்டோஸ் விர்த்தானனின் சாயல் இருக்கிறது.

கதையில் நின்னியை மூமின் வீட்டுக்குக் கூட்டிவருபவள் டூ-டிக்கி. என் தேடலிலும் அவள்தான் வழிகாட்டினாள். கோடுபோட்ட சட்டையும் குல்லாயும் அணிந்த, காரியமே கண்ணான இந்தக் குள்ளமான பெண், அச்சோவியக் கலைஞர் டூலிக்கி பியெட்டிலாவின் உருவம். யான்சனும் அவரும் காதலில் நெருங்கியது ஐம்பதுகளின் நடுவில். அப்போது லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றுக்கு நாள்தோறும் மூமின் படக்கதை வரைந்து யான்சன் களைத்துப் போயிருந்தார். 1957இல் வந்த குளிர்கால நாவலில், குடும்பமே உறங்கிக் கிடக்க மூமின் மட்டும் விழித்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத பனிக்குள் தன்னந்தனியாக நிற்கிறான். அவனுக்குக் குளிர்காலத்தைப் பழக்குவது டூ-டிக்கிதான். நிஜ வாழ்க்கையில் ஹெல்சிங்கியில் இருவருக்கும் தனித்தனி ஓவியக் கூடங்கள். நடுவே பரண்வழியாக ஒரு நடைபாதை. யான்சன் 2001இல் இறக்கும்வரை இவர்கள் பிரியவில்லை.

1971வரை ஃபின்லாந்தில் ஒருபால் உறவு குற்றம். இது தெரிந்தபின் 1948ஆம் ஆண்டு நாவலின் திங்கமியையும் பாபையும் என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. தங்களுக்குள் மட்டும் புரிகிற ஒரு பாஷை பேசிக்கொண்டு, பெட்டிக்குள் ஒரு சிவப்புக் கல்லை ஒளித்து வைத்துக்கொண்டு ஓடிவரும் இரண்டு சின்ன உயிர்கள். அவர்கள் யான்சனும், அவர் அப்போது நேசித்த நாடக இயக்குநர் விவிகா பாண்ட்லரும். ஊரறியக் காட்ட முடியாத அன்போடு வாழ்ந்த ஒருவர்தான் கண்ணுக்குத் தெரியாத குழந்தையையும் எழுதினார் என்று நான் நம்புகிறேன். இது என் வாசிப்பு.

ஆனால் என்னை அதைவிட உலுக்கியது மூமினின் பிறப்பு. மாவுருண்டைபோல இருக்கும் அந்தச் சாது உருவம் கோபத்தில் பிறந்தது. சிறுவயதில் யான்சனுக்குத் தம்பியோடு தத்துவ அறிஞர் கான்ட்டைப் பற்றி வாக்குவாதம். கழிப்பறைச் சுவரில், தன்னால் கற்பனை செய்ய முடிந்ததிலேயே அவலட்சணமான ஒரு பிராணியை யான்சன் வரைந்தார். நீண்ட மூக்குள்ள அந்தப் பிராணி பிறகு ‘கார்ம்’ என்ற கேலிப் பத்திரிகையில் அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்தப் பத்திரிகைக்காக 1938இல் அவர் ஹிட்லரைக் கேக் கேட்டு அழுது அடம்பிடிக்கும் குழந்தையாக வரைந்திருக்கிறார். ஐரோப்பா நடுங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. மறுவருடம் சோவியத் படை தன் நாட்டின்மீது பாய்ந்தபோதுதான் முதல் மூமின் கதையை எழுதத் தொடங்கினார். அச்சில் வந்தது 1945இல்.

இதையெல்லாம் படித்துவிட்டு நின்னியிடம் திரும்பினேன். மூமின் அம்மாவின் பரிவால் அவளுடைய பாதங்கள் தெரிகின்றன, பிறகு கால்கள், தைத்துக் கொடுத்த உடை. முகம் மட்டும் வரவில்லை. சண்டை போடத் தெரியாதவரை உனக்கென்று முகம் வராது என்று அந்த வீட்டிலேயே இருக்கும் துடுக்கான லிட்டில் மை முகத்துக்கு நேரே சொல்கிறாள். சிறுவயதில் அவளை வாயாடி என்று வெறுத்த எனக்கு, இப்போது அந்தப் பள்ளத்தாக்கிலேயே உண்மை பேசுகிறவள் அவள்தான் என்று படுகிறது. ஒருநாள் படகுத்துறையில், மூமின் அப்பா விளையாட்டாக மூமின் அம்மாவைக் கடலில் தள்ளப்போவதுபோலப் பின்னால் வருகிறார். நின்னி கத்திக்கொண்டே பாய்ந்து அவர் வாலைக் கடித்துவிடுகிறாள். அந்த நொடியில் தெரிகிறது முகம்: சப்பை மூக்கு, செம்பட்டை முடி, அடக்க முடியாத ஆத்திரம்.

நான் அவளிடம் பார்த்தது அவள் மறைந்ததை மட்டும்தான். அவளைப் படைத்தவரோ தன் கோபத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தார். இப்போது அந்தக் கதையைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும்போது மணிச்சத்தத்தை விரைவாகக் கடந்துவிடுகிறேன். கடிக்கிற இடத்தில் மட்டும் நிறுத்தி, இரண்டு தடவை சத்தமாகப் படிக்கிறேன்.