பறித்த கொப்பியும் இரும்புக்கை மாயாவியும்

கொஞ்சம் நீளமான பதிவு. காமிக்ஸ் பிரியர்களுக்காக எழுதுகிறோம். ஆனால் "என்ட பிள்ளை புத்தகத்தைத் தொடவே மாட்டான் சேர்" என்று சொல்லும் உம்மாமாரும் வாப்பாமாரும் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். கிண்ணியாவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். ஒருவர் தமிழ், மற்றவர் கணிதம். போன தவணையில் நடந்த பிழையிலும் இருவருக்கும் பங்குண்டு.

தரம் 8இல் கடைசி வாங்குப் பொடியன் ஒருவன். வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்பான், வாய் திறக்க மாட்டான். கணித பாடத்தில் கொப்பியின் பின்பக்கத்தில் எதையோ கீறிக்கொண்டிருந்தான். பறித்தோம். எல்லாருக்கும் முன்னால் ஏசினோம். கொப்பி அலுமாரிக்குள் போனது. அடுத்த மூன்று நாள் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை.

மூன்றாம் நாள்தான் கொப்பியைத் திறந்து பார்த்தோம். பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சித்திரக்கதை. களப்புக்கு அடியில் வாழும் ஒரு மனிதன். பிள்ளைகளை ஏற்றிவரும் படகுப் பாதை கவிழப் போகிறது. அவன் கீழிருந்து இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக் கரையில் வைக்கிறான். ஒரு பிள்ளைகூடத் தண்ணீரில் விழவில்லை.

2021 நவம்பர் 23ஐ எங்கள் ஊருக்கு விளக்கத் தேவையில்லை. குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாள் அது. அன்று நடக்காததை இந்தப் பொடியன் பென்சிலால் நடத்திக் காட்டியிருந்தான். நாங்கள் அதை அலுமாரியில் பூட்டி வைத்திருந்தோம்.

இன்னொன்றையும் கவனித்தோம். வாசிக்கத் தெரியாது என்று நாங்கள் முடிவுகட்டிய பிள்ளை, ஒவ்வொரு பேச்சுக் குமிழிலும் எழுதியிருந்தான். "கப்பாத்துங்க" என்று பிழையாகத்தான். ஆனால் எழுதியிருந்தான்.

நாங்கள் எப்படி வாசிக்கப் பழகினோம் என்பதை அன்றுதான் நினைத்துப் பார்த்தோம். வீட்டில் கரண்ட் இல்லாத காலம். மாமா ஒருவர் கொழும்பிலிருந்து வரும்போது பழைய காமிக்ஸ் கொண்டுவருவார். 2009இல் பாலம் திறக்கும் வரை திருகோணமலைப் பக்கமிருந்து ஊருக்கு வர பாதைதான் ஏற வேண்டும். பாதையடியில் போய்க் காத்து நிற்போம். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984இல் வந்தவை. அட்டை கிழிந்திருக்கும், சிலவேளை கடைசிப் பக்கமும் இருக்காது. முடிவை நாங்களே கட்டிச் சொல்லிக்கொள்வோம்.

மாயாவியின் கதை 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் வந்தது. ஆய்வுகூட விபத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டெலுக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். குப்பி விளக்கு வெளிச்சத்தில் படித்த எங்களுக்கு மின்சாரமே ஒரு மந்திரம். விளங்காத சொல்லைப் படம் சொல்லித் தரும், படத்தில் விளங்காததைச் சொல் சொல்லித் தரும். நாங்கள் சேர்த்து வைத்திருந்த தகரப் பெட்டியை 2004 சுனாமி கொண்டுபோனது. உயிர்களைக் கொடுத்த ஊரில் அதற்காக யாரும் அழவில்லை. நாங்களும் அழவில்லை.

இப்போது படத்துக்கு வருவோம். 2023இல் வந்த மடோன் அஸ்வினின் 'மாவீரன்' பார்க்காதவர்கள் பாருங்கள். சிவகார்த்திகேயன் அதில் பத்திரிகைக்குச் சித்திரக்கதை கீறுகிறவர். சரியான பயந்தாங்கொள்ளி. குடிசையிலிருந்து தூக்கி அடுக்குமாடியில் போட்ட குடும்பம். சுவரைத் தொட்டால் உதிர்கிறது. அவர் வாய் திறக்க மாட்டார், ஆனால் அவர் கீறும் வீரன் எல்லாவற்றையும் தட்டிக் கேட்பான். அந்த வீரனின் கதை விஜய் சேதுபதியின் குரலாக அவர் காதிலேயே கேட்கத் தொடங்கும் பகுதிதான் படத்தின் உயிர். பிற்பகுதி வழக்கமான சண்டைப் படமாகச் சரிகிறது. அது எங்கள் குறை. ஆனால் பேச முடியாதவன் ஏன் கீறுகிறான் என்பதை அந்தப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. அதைப் பார்த்துக் கைதட்டிய நாங்களே எங்கள் வகுப்பு மாவீரனின் கொப்பியைப் பறித்தோம்.

நாலாம் நாள் அவன் வீட்டுக்குப் போனோம். கொப்பியைக் கையில் கொடுத்து, "பிழை எங்கட பக்கம், தம்பி" என்றோம். அவன் வாப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "சேர்மார் இதுக்காகவா வந்தீங்க?" என்று கேட்டார். இதற்காகத்தான்.

இப்போது வகுப்பில் ஒரு காமிக்ஸ் பெட்டி வைத்திருக்கிறோம். தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில சிபாரிசுகள்:

தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு லக்கி லூக். தன் நிழலை விட வேகமாகச் சுடுகிற கௌபாய். பெல்ஜியக்காரரான மொரிஸ் 1946இல் உருவாக்கியது. லூக்கின் வாயிலிருந்த சிகரெட்டை 1983இல் எடுத்துவிட்டுப் புல்லை வைத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பிடித்த மாற்றம்.

விறுவிறுப்புக் கேட்பவர்களுக்கு இத்தாலியின் டெக்ஸ் வில்லர். 1948இலிருந்து குதிரையை விட்டு இறங்கவில்லை.

"எங்களப் போல ஆக்கள் இல்லையா சேர்?" என்று கேட்ட பெண் பிள்ளைகளுக்கு மிஸ் மார்வெல். கமலா கான் என்ற முஸ்லிம் பிள்ளையை நாயகியாக வைத்து 2014இல் தனி இதழாகவே வந்தது. ஹிஜாப் போட்ட கூட்டாளி நக்கியாவும் அதில் உண்டு. 2022இல் தொடராகவும் வந்தது. ஆனால் ஆங்கிலப் புத்தகம் என்பதால், நாங்கள் பக்கத்தில் இருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

"காமிக்ஸ் படித்தால் பாடம் கெடும்" என்று சொல்லும் பெற்றோருடன் சண்டை பிடிக்க மாட்டோம். ஒன்றுதான் கேட்கிறோம். பிள்ளை ஒரு புத்தகத்தைத் தானாகத் தொடங்கித் தானாக முடித்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? இல்லையென்றால் அந்த நாளை எங்கிருந்து தொடங்கப் போகிறீர்கள்?

போன கிழமை அந்தப் பொடியன் தன் கதையை வகுப்பில் வாசித்தான். இரண்டு பக்கம் வாசித்தான். மூன்றாம் பக்கத்தில் தடக்கி நின்றான். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் காத்திருந்தார்கள். பாதை கரைக்கு வந்து சேர வேண்டுமல்லவா! ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கொண்டுவந்து சேர்த்தான். "கப்பாத்துங்க" என்ற சொல்லை நாங்கள் இன்னும் திருத்தவில்லை. அவனே ஒருநாள் திருத்துவான், இன்ஷா அல்லாஹ்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தியாவிலிருந்து புத்தகம் எடுப்பது எங்கள் சம்பளத்துக்குக் கட்டாது. வீட்டில் பழைய முத்து, லயன், ராணி எது கிடந்தாலும் பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். எங்களுக்குத் தாருங்கள். கடைசிப் பக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முடிவைக் கீறிச் சேர்க்க எங்களிடம் ஆள் இருக்கிறது.