தாய்ப்பத்திரம்

'ஜெனிசிஸ் பிளாக்' என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி ஒரு வாரம் அலைந்தேன். பிளாக்செயின் பற்றிய அறிமுக நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நேரம். 'ஆதிக் கட்டம்', 'முதற் கண்ணி' என்று எழுதி எழுதி அடித்தேன். தமிழ் முதுகலைப் பட்டம் கைகொடுக்கவில்லை.

டெக்னோபார்க்கும் பிளாக்செயின் அகாதெமியும் உள்ள திருவனந்தபுரத்தில் இதை விளக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் மாடியில் குடியிருக்கும் மென்பொருள் பொறியாளர் பெண், ஞாயிறன்று மடிக்கணினியோடு இறங்கி வந்தாள்.

பிளாக்செயின், பலர் கையில் ஒரே பிரதியாக இருக்கும் கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் 'ஹாஷ்' எண்ணைச் சுமந்திருக்கும். அது அந்தப் பக்கத்தின் கைரேகை. ஓரெழுத்தைத் திருத்தினாலும் ரேகை மாறிவிடும். முதல் பக்கத்துக்கு மட்டும் முந்தைய பக்கம் கிடையாது. 2009 ஜனவரி 3 தேதியிட்ட பிட்காயினின் முதல் பக்கத்தில், அந்த இடத்தில் வெறும் சுழிகள். வங்கிகளுக்கு மீண்டும் அரசு உதவி என்ற அன்றைய லண்டன் 'டைம்ஸ்' தலைப்புச் செய்தியும் அதில் பொதிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் சரிபார்த்து ஏற்கவில்லை. மென்பொருளிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

நாங்களும் எத்தீரியம் வகையில் ஒரு சிறு வலைப்பின்னல் தொடங்கினோம். யார் கணக்கில் தொடக்க இருப்பு எவ்வளவு என்பது போன்ற விவரங்களை ஒரு கோப்பில் எழுத வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு கணினியும் முதல் பக்கத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இருப்பில் நான் ஒரு சுழியை விட்டுவிட்டேன். பிழை என்று எந்த அறிவிப்பும் வரவில்லை. என் கணினி ஓடியது, அவளுடையதும் ஓடியது. ஆனால் ஒன்றையொன்று சேர்த்துக்கொள்ளவில்லை.

"உங்க கணக்கு தப்பில்லை சார். அது வேற கணக்கு, அவ்வளவுதான்" என்றாள்.

எனக்குத் தக்கலை ஞாபகம் வந்தது. தாத்தா தன் இரண்டு மகன்களுக்கும் சொத்து எழுதிவைத்தது கொல்லம் ஆண்டு 1129-இல், அதாவது 1954-இல். 1956 நவம்பர் 1 அன்று ஊர் தமிழ்நாட்டோடு இணைந்தது. பத்திரம் மலையாளத்திலேயே நின்றுவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு கைப்பிரதி வைத்திருந்தார்கள். எங்கள் பிரதியில் கிணறு எங்களுக்கு. அவர்கள் பிரதியில் பொது. 1991 முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இருவரும் போன பிறகும் அது தீரவில்லை.

மறுவாரம் பெரியப்பா மகனை அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போய்ச் சான்றிட்ட நகல் வாங்கினேன். வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். கிணறு பொதுதான். எங்கள் பிரதியில் ஒரு சொல் விடுபட்டிருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தாத்தாவுக்கு நிலம் எப்படி வந்தது என்பதற்கு முன்னாதாரம் எதுவும் அதில் இல்லை. தலைமுறையாக அனுபவித்து வருவது என்ற ஒரு வாக்கியம் மட்டும். அங்கும் சுழிதான். பின்னால் வருவதையெல்லாம் கணக்கோ சட்டமோ காக்கலாம். தொடக்கத்தை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்களுக்காவது கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் அலுவலகம் இருந்தது. பிளாக்செயினுக்கு அதுவும் இல்லை. எல்லோர் கையிலும் அதே முதல் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவே.

அந்தச் சொல்லை 'தாய்ப்பக்கம்' என்று மொழிபெயர்த்தேன்.

திரும்பி வரும்போது அண்ணன் கேட்டார்: "அப்போ சித்தப்பா சொன்னது பொய்யா மக்கா?"

"இல்லண்ணே. அப்பா கையில இருந்தது வேற பத்திரம்."