வானம் பார்க்கும் வீடு

தாத்தா காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். அறுவடைக் காலத்து மேகம் எங்கள் வீட்டுக்குப் பகை.

நாங்கள் தஞ்சை விமானப்படைத் தளத்தைக் காணச் சென்ற அன்று என் உள்ளம் துள்ளியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்கள் இறங்கிய இடம் அது. 2013-இல் நம் விமானப்படைத் தளமாயிற்று. 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானங்கள் வந்தன. ஒன்று சீறி எழும்பியது. காதைப் பொத்திக்கொண்டோம், நெஞ்சே அதிர்ந்தது.

அவனி சதுர்வேதி என்னும் பெண் விமானி, 2023-இல் ஜப்பானின் ஹியாகுரி தளத்திற்குச் சென்று அந்நாட்டுப் படையுடன் போர்ப் பயிற்சியில் கலந்துகொண்டதை அதிகாரி பெருமையுடன் சொன்னார்.

"நானும் விமானி ஆகலாமா, சார்?" என்றேன். என் தடித்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார்.

"போர் விமானி ஆவது கடினம் அம்மா. ஆனால் வானிலை அதிகாரியைக் கேட்காமல் இங்கே எந்த விமானமும் எழும்பாது" என்றார்.

அன்றிரவு போர்வைக்குள் அழுதேன். விடிந்ததும் தாத்தா வாசலில் நின்று கேட்டார்: "இன்னிக்கு மழை வருமா, கண்ணு?"

தோழியரே, அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்லவே இனி நான் படிக்கப் போகிறேன்.